மரத்துக்கு மரம் வேறு

கோலாசிலாங்கூர் நகரின் முகப்பில் புக்கிட் மெலாவத்தி எழுந்து நிற்கிறது. அதைக் குன்று என்பதே பொருந்தும். மலை என்று சொல்வது ஊராரின் பெருமிதம். டச்சுக்காரர்கள் 1784ஆம் ஆண்டில் கைப்பற்றி, மறு ஆண்டே சுல்தான் இப்ராகிமிடம் இழந்த கோட்டையின் எச்சங்கள் அதன் மேல் கிடக்கின்றன. 1907ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் மலாக்கா நீரிணையை நோக்கி நிற்கிறது. பொழுது புலர்ந்தும் புலராத ஏழு மணி வேளையில், சாம்பல் நிறக் குரங்குகள் தம் பொன்னிறக் குட்டிகளை மார்போடு அணைத்தபடி கிளைகளில் அமர்ந்திருக்கும். அவற்றின் கீழே வளைந்து ஏறும் சாலையில் முதியவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள்.

அவர்களுள் இருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள். வட சிலாங்கூர்த் தோட்டப் பள்ளிகளில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவர்கள். மூத்தவருக்கு வயது 73. இளையவர் இரண்டாண்டு குறைந்தவர். இருவருக்கும் இனிப்புநீர் நோய் உண்டு. மலேசியாவில் இது புதுமையான செய்தியன்று. 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு, வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாகியிருந்ததைக் காட்டியது. அதிலும் இந்தியரிடையே காணப்பட்ட விகிதம் மிக உயர்ந்தது. தோட்டத்தில் வெட்டும் வாளியுமாய் அலைந்த தலைமுறை, தரைவீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்து உட்கார்ந்தபின் வந்த நோய் என்று இதைப் பற்றிப் பலரும் பேசுவதுண்டு. அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைப் பின்னர் பார்க்கலாம்.

இருவரும் ஒரே மாதத்தில், ஒரே மருத்துவரின் அறிவுரைப்படி நடக்கத் தொடங்கினார்கள். வாரம் மூன்று நாள், குன்றைச் சுற்றி இரண்டு வலம், ஏறத்தாழ முக்கால் மணி நேரம். மழை பெய்தால் குடை; குடையும் தாங்காத மழையென்றால் அடுத்த நாள். ஒருவர் நடையை மற்றவர் நாள்தோறும் கண்டவர். ஆகவே ஏமாற்றுக்கு இடமே இல்லை.

ஓராண்டு சென்றது. இளையவரின் இடைவார் இரண்டு துளைகள் உள்ளே சென்றது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு இறங்கியது. மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். மூத்தவரின் இடைவார் இருந்த துளையிலேயே இருந்தது. எடையும் அப்படியே. சர்க்கரை அளவில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவுமில்லை. மருந்தகத்தில் இருந்த தாதி, அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவர் உண்மையாகவே நடக்கிறாரா என்று கேட்டாள். கேட்ட குரலில் கடுமை இல்லை, சிரிப்புத்தான் இருந்தது. அந்தச் சிரிப்புத்தான் அவரை உறுத்தியது. திரும்பி வரும் வழியில் நண்பரிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. நண்பர்தாம் பேசினார்.

"சார், ராத்திரியில ஏதாவது சாப்பிடுறீங்களா?"

கூடவே நடந்தவரும் அப்படிக் கேட்டார்! உழைத்தவனுக்குப் பலன் கிடைக்காவிட்டால், அவன் உழைக்கவில்லை என்று முடிவு கட்டுவது மனிதரின் பழைய வழக்கம். கண்ணால் கண்ட சாட்சிகூட அந்த வழக்கத்தின்முன் வலுவிழந்து போகிறான்.

மூத்தவரை அன்றிரவு உறங்கவிடாமல் செய்தது தாதியின் கேள்வி மட்டுமன்று. அதே கேள்வியை அவரே ஒருகாலத்தில் வேறொருவனிடம் கேட்டிருந்தார். அதுவும் ஊர் கூடிய சபையில்.

அது 1976ஆம் ஆண்டு. இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் ஊர், 2007ஆம் ஆண்டில் பெயர் மாறும்வரை பத்தாங் பெர்ஜூந்தை என்றே அழைக்கப்பட்டது. அதைச் சுற்றியிருந்த தோட்டங்களுள் ஒன்றில், இரண்டு வகுப்பறைகளும் ஒரு கொட்டகையும் கொண்ட தமிழ்ப்பள்ளி. இளம் ஆசிரியராக அங்கு வந்து சேர்ந்த அவரிடம் விளையாட்டுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஆண்டு விளையாட்டுப் போட்டிக்கு ஆறு வாரங்களே இருந்தன. சிவப்பு இல்லம், நீல இல்லம் எனப் பிள்ளைகளைப் பிரித்து, நாள்தோறும் மாலையில் கோயிலிலிருந்து பால் ஸ்டோர்வரை செம்மண் சாலையில் ஓடிவரச் செய்தார். அவரும் உடன் ஓடினார். பயிற்சி என்பது எல்லார்க்கும் பொது, பலனும் எல்லார்க்கும் பொது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. பயிற்சிக் கல்லூரியில் அவருக்குக் கற்பிக்கப்பட்டதும் அதுவே.

ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன். பால்வெட்டுத் தொழிலாளியின் மூன்றாவது மகன். முதல் நாள் ஓட்டத்தில் கடைசியாக வந்தான். ஆறு வாரங்கள் ஒரு நாளும் தவறாமல் ஓடினான். போட்டியன்றும் கடைசியாகவே வந்தான். அவனோடு முதல் நாளில் மூச்சு வாங்கி நின்ற இன்னொருவன், பாதி நாள் பயிற்சிக்கே வராதவன், இரண்டாம் பரிசு பெற்றான். தோட்டத்துப் பெரியவர்கள், கிராணிமார், பெற்றோர் எல்லாரும் கூடியிருந்த திடலில், ஆசிரியர் அந்தப் பையனை அழைத்து, "ஆறு வாரம் என்னடா செஞ்சே? சோம்பேறி!" என்றார். கூட்டம் சிரித்தது. மறுநாள் முதல் அவன் ஓட வரவில்லை. அந்த மாதத்திலேயே முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு இடம் மாறினான். அதையும் ஆசிரியர் சோம்பலின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டார்.

இதில் வியப்புக்குரிய ஒன்று உண்டு. அந்தப் பள்ளியைச் சூழ நின்ற இரப்பர் மரங்களைப் பற்றி அப்படியொரு தவறான எண்ணம் தோட்டத்தில் ஒருவருக்கும் இருந்ததில்லை. மரத்துக்கு மரம் பால் வேறு என்பது பால்வெட்டும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ஒரே நிரையில், ஒரே மண்ணில், ஒரே நாளில் நட்ட மரங்களுள் ஒன்று மங்கு நிரம்பி வழியும்; அடுத்தது அடியை நனைத்து நின்றுவிடும். வெட்டுகிற கை ஒன்றே, உளியும் ஒன்றே. பால் குறைந்த மரத்தை எவரும் சோம்பேறி என்று திட்டியதில்லை.

சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை 1888ஆம் ஆண்டில் ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தை மாய்க்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வளர்த்தவர். முதல் வெட்டில் சிறிதே கசியும் மரம், அதே கோட்டில் இடைவிட்டு மீண்டும் மீண்டும் சீவப்படும்போது கூடுதலாகச் சுரக்கிறது. காயத்துக்கு மரம் அளிக்கும் மறுமொழி அது. உடற்பயிற்சி என்பதும் இதுவன்றி வேறென்ன? அளவான துன்பம், அதன் பின் ஓய்வு, அந்த ஓய்வில் உடல் தன்னைச் சற்றே பெருக்கிக்கொள்ளுதல். அளவு மீறினால் மரம் காய்ந்துவிடும். பட்டையில் பால் நின்றுபோகும். அதனால்தான் தோட்டங்களில் நாள்விட்டு நாள் வெட்டும் முறை வந்தது. மரத்துக்கு விடுமுறை உண்டு. அந்த மரத்தை வெட்டியவளோ மறுநாள் அடுத்த வெட்டுக்காட்டுக்குப் போனாள்.

விதையிலிருந்து வளர்ந்த மரங்கள் இவ்வாறு வேறுபட்டு நின்றதைக் கண்டுதான், 1910களில் அன்றைய டச்சு இந்தியாவில் ஒட்டுக்கட்டும் முறையை உருவாக்கினார்கள். நல்ல பால் மரத்தின் மொட்டை எடுத்து இளங்கன்றில் ஒட்டினால், தாய்மரத்தின் இயல்பு அப்படியே வரும். 1925ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம், இதே சிலாங்கூர் மாநிலத்தின் சுங்கை பூலோவில் தன் சோதனை நிலத்தை வைத்து, மர இனங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தது. பால் சுரப்பைத் தூண்டும் மருந்தைப் பட்டையில் பூசும் வழக்கம் வந்தபோதும், எல்லா இனமும் ஒன்றுபோல் அந்த மருந்துக்கு இணங்கவில்லை என்று கண்டு, இனத்துக்கு ஏற்ப அளவை மாற்றினார்கள். மரத்துக்குக் காட்டப்பட்ட இந்தக் கவனம் மனிதருக்குக் காட்டப்படவில்லை. இருள் பிரியாத பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, ஒருவருக்கு ஒரு வெட்டு என நானூறு ஐந்நூறு மரங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். நேற்றுப் பிள்ளை பெற்று எழுந்தவளுக்கும் அதே நிரை. இருபது வயது வாலிபனுக்கும் அதே நிரை. முடித்தால் ஒரு பேர், முடிக்காவிட்டால் அரைப் பேர். தோட்டத்தின் அந்த அளவுகோலைத்தான் பள்ளித் திடலிலும் ஊன்றி வைத்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

மனித உடலும் விதை மரம் போன்றதே என்பதை அறிவியல் தெளிவாகக் காட்டியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். கனடாவைச் சேர்ந்த கிளாட் புஷார் என்னும் அறிஞர் இத்துறையில் முதன்மையானவர். 1980களில் அவரும் அவரோடிருந்தோரும் பத்து இணை ஒற்றைக்கரு இரட்டையரை 20 வாரங்கள் ஒரே வகையான பயிற்சியில் ஈடுபடுத்தினார்கள். இணைக்கு இணை பலன் பெரிதும் வேறுபட்டது. ஓர் இணைக்குள் இருவரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே முன்னேறினார்கள். ஒட்டுமரங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டதுபோல!

பின்னர் அவர் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பம் குடும்பமாக ஆட்களைச் சேர்த்துப் பெரியதோர் ஆய்வு நடந்தது. பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும், அதுவரை உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்கள், வாரம் மூன்று முறை, 20 வாரங்கள், ஆய்வாளர் கண்முன்னே நிலைமிதிவண்டியை மிதித்தார்கள். நாடித்துடிப்புக்கு ஏற்பப் பளுவைக் கணினியே கட்டுப்படுத்தியது. ஒருவரும் ஏய்த்தார் என்று சொல்ல வழியில்லை. 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேரின் முடிவுகள் 1999ஆம் ஆண்டில் வெளியாயின. உடல் உச்சநிலையில் உழைக்கும்போது ஒரு நிமிடத்தில் எவ்வளவு உயிர்வளியைப் பயன்படுத்த முடியும் என்பதே அவர்கள் கண்ட அளவை. சராசரியாக அது 0.4 லிட்டர் உயர்ந்தது. ஆனால் சராசரி என்பது ஆற்றின் சராசரி ஆழத்தைப் போன்றது. அதை நம்பி இறங்கக் கூடாது. சிலருக்கு ஒரு லிட்டருக்கும் மேலே ஏறியது. சிலருக்கு ஏறவே இல்லை. அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி, அதாவது 47 விழுக்காடு, குடும்ப வழி வருவது என்று கணக்கிட்டார்கள்.

இதைவிடச் சங்கடமான செய்தி 2012ஆம் ஆண்டில் வந்தது. ஆறு ஆய்வுகளில் கலந்துகொண்ட 1,687 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இரத்த அழுத்தம், கொழுப்பு, இன்சுலின் போன்ற ஒவ்வோர் அளவிலும் பத்தில் ஒருவர் போல, பயிற்சிக்குப் பின் முன்னிருந்ததைவிட மோசமான நிலைக்குச் சென்றிருந்தார். ஓரளவில் பின்தங்கியவர் மற்றோர் அளவில் முன்னேறியிருப்பதும் உண்டு. எல்லாவற்றிலும் தோற்றவர் என்று ஒருவரைச் சுட்டுவது அரிது.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. ஒரே மனிதனை இரண்டு நாள் அளந்தால் இரண்டு அளவு வரும். உறக்கம், உணவு, சளி, மனக்கவலை எல்லாம் அளவில் புகுந்துவிடும். பலன் இல்லை என்று எழுதப்பட்டவருள் சிலர் உண்மையில் பலன் பெற்றவராகவே இருக்கலாம் என்று புள்ளியியலாளர் எச்சரிக்கிறார்கள். அது நேர்மையான எச்சரிக்கை. 2017ஆம் ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு இதனினும் நம்பிக்கையளிப்பது. 78 இளைஞர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரம் ஒரு நாள் முதல் ஐந்து நாள்வரை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் எனப் பயிற்சி பெற்றார்கள். ஆறு வாரங்களில், வாரம் ஓரிரு நாள் பயின்றவருள் பலருக்கு முன்னேற்றம் இல்லை. நாள் கூடக் கூட அத்தகையோர் குறைந்தார்கள். நான்கு, ஐந்து நாள் பயின்றவருள் அப்படி ஒருவருமில்லை. முன்னேறாதவர்களை வாரத்திற்கு இரண்டு நாள் கூட்டி மேலும் ஆறு வாரங்கள் பயிற்றுவித்தபோது அனைவரும் முன்னேறினார்கள். ஒரே அளவு எல்லார்க்கும் போதாது என்பதே அதன் பொருள். இணங்காத உடல் என்று ஒன்றில்லை, அந்த அளவுக்கு இணங்காத உடல்தான் உண்டு என்றுகூடச் சிலர் வாதிடுகிறார்கள்.

அளவு மட்டுமன்று, வகையும் உண்டு. 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மணி ஜெகதீசன் நூறு மீட்டரிலும் இருநூறு மீட்டரிலும் தங்கம் வென்றார். அதே களத்தில் மு. இராஜாமணி நானூறு மீட்டரில் தங்கம் வென்றார். தோட்டத்துப் பிள்ளைகள் அவர்கள் பெயரைச் சொல்லிச் சொல்லி ஓடிய காலம் உண்டு. 1998ஆம் ஆண்டு கோலாலம்பூர்க் காமன்வெல்த் விளையாட்டில் கோ. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வென்றார். இருநூறு மீட்டரைக் கண்மூடித் திறக்குமுன் கடக்கும் தசை வேறு. நான்கு மணி நேரத்துக்கும் மேலாகச் சளைக்காமல் நடக்கும் தசை வேறு. விரைந்து சுருங்கி விரைந்து களைக்கும் இழைகளும், மெல்லச் சுருங்கி நெடுநேரம் தாங்கும் இழைகளும் எல்லா உடலிலும் கலந்தே இருக்கின்றன. கலந்திருக்கும் விகிதம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. தோட்டப் பள்ளியின் திடலிலோ நூறு மீட்டர், இருநூறு மீட்டர், சாக்கு ஓட்டம் இவையே போட்டி. நடக்கத் தெரிந்தவனுக்கு அங்கே கோடு போடவில்லை.

முதலில் சொன்ன மறுபாதிக்கு இங்கே வரலாம். தோட்டத்துப் பிள்ளைக்கு உடற்பயிற்சி எதற்கு, வேலையே பயிற்சிதானே என்பது அக்காலத்தில் ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்ட பேச்சு. விடியுமுன் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக ஓடும். ஆகவே வெட்டு விடியுமுன் தொடங்கியது. பெற்றோருக்கு உதவியாக மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் எடுக்கவும் சென்ற பிள்ளைகள், கொசுக்கடியோடும் ஈரக்காலோடும் பள்ளிக்கு வந்தார்கள். அவர்கள் உடல் உழைத்தது உண்மை. ஆனால் பயிற்சியின் பலன் உழைக்கும்போது விளைவதில்லை. உண்டு உறங்கும்போது விளைவது. உணவும் உறக்கமும் குறைந்த உடலுக்கு உழைப்பு என்பது தேய்மானம் மட்டுமே. காலை பத்து மணிக்கு மேசைமேல் தலை சாய்த்த பிள்ளையை எழுப்பி நிற்கவைத்த கைகளுள் மூத்தவரின் கையும் ஒன்று.

உள்ளத்தின் மறுமொழி இதனினும் நுட்பமானது. 2011ஆம் ஆண்டில் கிர்க் எரிக்சன் என்பாரும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், 120 முதியோர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வாரம் மூன்று நாள், நாளைக்கு 40 நிமிடம் வரை நடந்தார்கள். மற்றக் குழுவினர் உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஓராண்டின் முடிவில், நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி, நடந்தவர்களிடம் ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. மற்றவர்களிடம் சிறிது சுருங்கியிருந்தது. இதுவும் சராசரியே. இடைவார் சுருங்காதவனின் நினைவு கூர்மையாகலாம். இடைவார் சுருங்கியவனின் நினைவு இருந்தபடியே இருக்கலாம்.

புக்கிட் மெலாவத்தியில் நடந்ததும் அதுதான். நடக்கத் தொடங்கிய சில மாதங்களில் மூத்தவரின் உறக்கம் சீர்பட்டது. இளமையில் மனனம் செய்து, பின்னர் நழுவவிட்ட பாடல்கள் ஒவ்வொன்றாக நாவுக்குத் திரும்பின. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதே அவர் ஒரு செய்யுளைத் தொடங்குவார். கலங்கரை விளக்கத்தை அடையுமுன் முடித்துவிடுவார். இளையவர், சர்க்கரை குறைந்து மாத்திரையும் குறைந்தவர், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார். இதை எந்த மருத்துவ அட்டையிலும் எவரும் எழுதவில்லை. அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஒரே வேகத்தில் ஓடும்போது ஒருவருக்கு இன்பமும் மற்றொருவருக்கு வேதனையும் உண்டாவதை உளவியலாளர் அளந்து காட்டியிருக்கிறார்கள். மெல்லிய நடை பெரும்பாலோர்க்கு இனிது. மூச்சு முட்டும் கடும் ஓட்டம் பெரும்பாலோர்க்கு இன்னாது. இடைப்பட்ட வேகத்தில்தான் மனிதர் பிரிகிறார்கள். பள்ளித் திடலின் வேகம் பெரும்பாலும் அந்த இடைப்பட்ட வேகமே. முதலில் வருபவனுக்கு அது மிதமான ஓட்டம், கடைசியில் வருபவனுக்கு அதுவே உயிர்ப்போராட்டம். இருவரும் ஓடியது ஒரே தூரமாயினும், கடைசியில் வந்தவனே கூடுதலாக உழைத்தவனாக இருக்கக்கூடும் என்பதை நேரங்காட்டி சொல்லாது. நாடியைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். இன்றைய பள்ளிகளில் நடைபெறும் செகாக் என்னும் உடல்தகுதித் தேர்வில், மூன்று நிமிடம் படியேறி இறங்கியபின் நாடித்துடிப்பை எண்ணுகிறார்கள். எண்ணுவது நல்லது. ஆனால் அந்த எண்ணை வகுப்பின் பட்டியலில் வரிசைப்படுத்துவதா, அதே மாணவனின் சென்ற முறை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுவதா என்பதில்தான் ஆசிரியரின் மனம் தெரிகிறது.

மூத்தவரின் மகள் இந்த ஆய்வுகளைப் பற்றிய சில பக்கங்களை அச்சிட்டு அவர் மேசைமேல் வைத்தாள். தந்தை வருந்துவதைக் கண்டு ஆறுதலுக்காக வைத்தவை. அவருக்கு ஆறுதல் பாதியளவே கிடைத்தது. தம்மேல் விழுந்த பழி நீங்கியது. தாம் பிறர்மேல் போட்ட பழி அப்போதுதான் முழு உருவத்தோடு எழுந்து நின்றது.

அதன்பின் சில மாதங்கள் கழித்து, பெஸ்தாரி ஜெயாவில் ஒரு திருமணம். பந்தியில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் நரைத்த தலையும் திரண்ட தோளுமாய் ஒருவர் வந்து அமர்ந்தார்.

"சார், என்னைத் தெரியுதா?"

குரலில் தெரியவில்லை; கண்ணில் தெரிந்தது. தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் ஐயமே இல்லாமல் போயிற்று. பள்ளியை விட்டபின் அவர் செம்பனை வேலைக்குச் சென்றிருக்கிறார். இந்த வட்டாரம் செம்பனைக்குப் பழைய வீடு. 1917ஆம் ஆண்டில் ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கிய தென்னமரம் தோட்டம் பக்கத்தில்தான் உள்ளது. (அந்தப் போக்கோனியே பின்னாளில் நாவலாசிரியராகி, மலாயாவைப் பற்றிய நூலுக்காக 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவர், தோட்டத்துரையிடமிருந்தும் இலக்கியம் பிறந்திருக்கிறது.) நீண்ட கோலின் முனையில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து குலை அறுத்து, இருபது கிலோவுக்குக் குறையாத குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அவர் முப்பது ஆண்டுகள் உழைத்தார். ஓட்டத்தில் கடைசியாக வந்த அந்த உடல் பளு தூக்குவதில் ஒருவருக்கும் பின்தங்கவில்லை. தோட்டம் விற்கப்பட்டபின் காவலர் வேலை. இப்போது அதுவும் விட்டாயிற்று.

இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மூத்தவர் அந்த விளையாட்டுப் போட்டியை நினைவுபடுத்தினார். மன்னிப்பு என்னும் சொல் வாயில் வந்து வந்து திரும்பியது. ஒருவழியாகச் சொன்னார்: "அன்னைக்கு உன்னை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதப்பா. உன்னாலதான் ஓடாம போச்சுன்னு இத்தனை நாள் நெனச்சிருந்தேன். ஓட்டத்தை நிறுத்தினது நான்தான்."

மற்றவர் சிரித்தார்.

"நான் ஓடறதை நிறுத்தலையே, சார். நீங்க பாக்குற எடத்துல ஓடறதைத்தான் நிறுத்தினேன்."

கோயிலுக்கும் ஸ்டோருக்கும் இடையிலிருந்த சாலையை விட்டு, வெட்டுக்காட்டின் ஊடே சென்ற ஒற்றையடிப் பாதையில் அவர் தனியே ஓடியிருக்கிறார். வேகம் கூடவேயில்லையாம். ஆனால் ஓடும்போது தலை தெளிந்துவிடும் என்றார். வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் நிற்காத வாய்ப்பாடு, நிரைக்கு நிரை மரங்களை எண்ணிக்கொண்டே ஓடியபோது மனத்தில் நின்றதாம். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை அங்கேதான் படித்தாராம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியும் என்பதை ஆசிரியர் ஒருநாளும் கேட்டறிந்ததில்லை.

"சொல்லியிருக்கலாமேப்பா."

"யார்கிட்ட சார்?"

பாயசம் வந்தது. இருவரும் அதை மறுத்தார்கள்; இருவருக்கும் இனிப்புநீர்.

மறுவாரம் புக்கிட் மெலாவத்தியில் மூவர் நடந்தார்கள். புதியவர் தமக்குரிய நிதானத்தில் கடைசியாகவே வந்தார். அவருக்காக எவரும் நிற்கவில்லை, அவரும் எவரையும் எட்டிப் பிடிக்க முயலவில்லை. கலங்கரை விளக்கத்தின் அருகிலிருந்த இருக்கையில் மட்டும் காத்திருந்து ஒன்றுசேர்ந்தார்கள். மூத்தவர், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வாரம் மூன்று நாளை ஐந்தாக்கியிருக்கிறார். இரப்பர்ப் பட்டையில் பட்டைகளாக வெட்டிய கயிறு வாங்கிவந்து, வீட்டுக் கூடத்தில் கைகளுக்கும் தோள்களுக்கும் பளுப் பயிற்சியும் தொடங்கியிருக்கிறார். பலன் இன்னும் தெரியவில்லை. அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு அட்டையில் நாள் குறித்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில், கட்டமில்லாத வெற்றிடத்தில், அவர் தம் கையெழுத்தில் சிறியதாக எழுதி வைத்திருக்கிறார்: இம்மாதம் நினைவுக்குத் திரும்பிய செய்யுள்கள், 11.